விளம்பரமும் ஊசலாடும் ஓட்டரும்

தேர்தல் வந்துவிட்டதென்பதைப் பண்ருட்டி வாசிகளுக்குப் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லவேண்டியதில்லை. நான்கு முனைச் சந்திப்பில் ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். பலாப்பழ மண்டியில் விலை பேசுகிறவர்கள், தங்கள் குரல் தங்களுக்கே கேட்காமல் விரலைக் காட்டி விலை பேசுவார்கள். பத்திரிகையைப் பிரித்தால் செய்தி இருக்கவேண்டிய முதற்பக்கத்தில் தலைவரின் சிரித்த முகம் இருக்கும். கைபேசியைத் திறந்தால் அதே முகம் பாட்டோடு வரும். இவ்வளவு ஆர்ப்பாட்டமும் யாரை உத்தேசித்துச் செய்யப்படுகிறது? இத்தனை பணத்தைக் கொட்டுகிறவர்கள் எதிர்பார்க்கும் பலன் உண்மையில் கிடைக்கிறதா? இவ்விரண்டு கேள்விகளையும் தேர்தல் வேலை செய்யும் நமது வாசகர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்வது நலம்.

கட்சிப் பற்றுள்ளவனுக்கு விளம்பரம் வேண்டியதில்லை. அவன் அப்பன் காலத்திலேயே அந்த வீட்டின் ஓட்டு எந்தச் சின்னத்துக்கென்று முடிவாகிவிட்டது. எதிர்க்கட்சியின்மேல் பற்றுள்ளவனோ அதைப் பார்த்தவுடன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஆகவே எல்லா விளம்பரமும், வெளியே எப்படிச் சொல்லிக்கொண்டாலும், எந்தப் பக்கமும் சேராமல் நடுவில் நிற்கிறவரைக் குறி வைத்தே எய்யப்படுகிறது. அப்படி நிற்பவர்கள் சிறு தொகையினர்தாமே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. நம் ஜில்லாவின் கணக்கையே பார்ப்போம்.

2016-ம் வருஷத்துச் சட்டசபைத் தேர்தலில் பண்ருட்டியில் வென்றவருக்கும் அடுத்து வந்தவருக்கும் இருந்த வித்தியாசம் மூவாயிரத்துச் சொச்சம் ஓட்டு. 2021-ல் அது 5,000-க்கும் குறைவு. தொகுதியிலுள்ள ஓட்டர்களோ இரண்டு லக்ஷத்துக்கு மேற்பட்டவர்கள். இதே ஜில்லாவில் காட்டுமன்னார்கோயில் தொகுதியில் 2016-ல் திரு. தொல். திருமாவளவன் தோற்றது 87 ஓட்டில்! எதிர்ப்பக்கம் சென்றவர்களில் 44 பேர் மனம் மாறியிருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும். 44 பேர் என்பது ஒரு டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து போகக்கூடிய கூட்டம். மூன்று வருஷம் கழித்து, 2019-ல், சிதம்பரம் பார்லிமெண்டுத் தொகுதியில் அவரே வென்றது 3,219 ஓட்டில். இப்படிப்பட்ட ஜில்லாவில் நூற்றுக்கு ஒருவரை அசைக்கக்கூடிய கருவி எதுவோ, அது சட்டசபையில் யார் உட்காருவது என்பதையே தீர்மானிக்கக்கூடிய கருவியாகும். ஆகையால் விளம்பரத்தின் சக்தி எவ்வளவு என்பது கல்லூரி விவாதத்துக்குரிய விஷயமன்று.

ஊசலாடும் ஓட்டரை அறியாமை மிகுந்தவர் என்று எண்ணுவது கட்சிக்காரர்களின் வழக்கம். அது பிசகு. முந்திரி உடைக்கும் கொட்டகையில் கூலி வேலை செய்கிறவர், நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலியாக இருக்கிறவர், வளைகுடா நாட்டிலிருந்து இரண்டு மாத லீவில் வந்திருப்பவர், முதல் தடவை ஓட்டுப் போடப்போகும் மாணவர் ஆகிய பலரும் இக்கூட்டத்தில் இருக்கிறார்கள். இவர்கள் தங்கள் சொந்த லாப நஷ்டங்களை நன்கு அறிந்தவர்கள். அரசியல் பேச்சுக்குக் காது கொடுக்க அவகாசமில்லாதவர்கள், அல்லது பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள், என்பதே உண்மை. 2011 டிசம்பர் 30-ல் வீசிய தானே புயலில் இப்பகுதியில் வேரோடு சாய்ந்த பலா மரங்களும் முந்திரி மரங்களும் கணக்கிலடங்கா. முப்பது வருஷம் பலன் கொடுத்த மரம் போனவருக்கு, அடுத்த மரம் காய்க்கும்வரை உள்ள வருஷங்களைப் பற்றியே கவலை. சுவரில் யார் படம் ஒட்டியிருக்கிறதென்பதல்ல அவர் கவலை.

இன்னொரு திருஷ்டாந்தமும் உண்டு. 2015 நவம்பரில் பெய்த பெருமழையில் பண்ருட்டித் தாலுகாவைச் சேர்ந்த பெரியகாட்டுப்பாளையம், விசூர் முதலிய கிராமங்களில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. அடுத்த மாதம் சென்னையும் மூழ்கியது. அப்போது நிவாரணப் பொட்டலங்களின்மேல் முதல் மந்திரியின் படம் ஒட்டப்படுகிறதென்று எழுந்த புகார் நாடெங்கும் ஏச்சுக்கும் பரிகாசத்துக்கும் இடமாயிற்று. ஐந்து மாதம் கழித்து வந்த தேர்தலில் என்ன நடந்தது? கடலூர் ஜில்லாவின் ஒன்பது தொகுதிகளில், பண்ருட்டி உட்பட, ஐந்தை ஆளுங் கட்சியான அ.தி.மு.க.வே கைப்பற்றியது. படம் ஒட்டியதால் வென்றார்கள் என்று சொல்ல நாம் தயாரில்லை. ஒட்டியதற்காக ஜனங்கள் தோற்கடித்துவிடவும் இல்லை. அந்த ஒட்டுத்தாளைப் பற்றிப் பத்திரிகைகளில் நடந்த யுத்தத்துக்கும், ஓட்டுச் சாவடியில் நடந்ததற்கும் அதிகச் சம்பந்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் விளம்பரத்தால் ஒன்றுமே ஆவதில்லையா? அதுவும் சரியன்று. ஒரு காரியத்தை விளம்பரம் ஐயத்துக்கிடமின்றிச் செய்கிறது. இன்னாருக்கு இன்ன அடையாளம் என்று தெரிவிக்கிறது. 1937-ல் சென்னை ராஜதானியில் நடந்த தேர்தலில் காங்கிரஸுக்கு மஞ்சள் நிறப் பெட்டி ஏற்பட்டது. “மஞ்சள் பெட்டி” என்ற இரண்டு வார்த்தைகளே அன்று காங்கிரஸ் தொண்டர்களின் முழு விளம்பரமும். ஜமீன்தார்களும் பிரபுக்களும் துணை நின்ற ஜஸ்டிஸ் கட்சிக்குப் பணத்துக்கும் அச்சுக்கூடத்துக்கும் குறைவில்லை. ஆயினும் 215 ஸ்தானங்களில் 159 காங்கிரஸுக்குப் போயின. கடலூர் அஞ்சலையம்மாள் சட்டசபைக்குச் சென்றது அத்தேர்தலில்தான். அந்த வார்த்தைகளைக் கேட்டு ஒருவரும் காங்கிரஸ்காரராக மாறவில்லை. சிறை சென்றவர்களைக் கண்டு முன்பே மாறியிருந்தவர்களுக்கு எந்தப் பெட்டி என்று தெரிந்தது, அவ்வளவே.

1952-ல் சுதந்திர இந்தியாவின் முதற் பொதுத் தேர்தலிலும் அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி வைத்து அதன்மேல் சின்னம் ஒட்டியிருந்தார்கள். அத்தேர்தலில் திரு. எஸ். எஸ். ராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 ஸ்தானங்களைப் பெற்றுக் காங்கிரஸைத் திகைக்க வைத்தது. அதன் பலம் தென்னாற்காட்டிலும் அதை அடுத்த பகுதிகளிலுமே இருந்தது. பெரிய பத்திரிகைகளோ, விளம்பரக் கம்பெனிகளோ அவருக்குத் துணை நிற்கவில்லை. ஊர்தோறும் உறவுமுறையும் ஜாதிக் கட்டுக்கோப்பும் செய்த வேலை அது. அவ்வேலை நல்லதா என்பது வேறு கேள்வி. விளம்பரம் செய்த வேலை அல்ல என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது.

சமீப காலத்திலும் இதைக் கண்டோம். 2019-ல் சிதம்பரத்தில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சிக்குப் பானைச் சின்னம் கிடைத்தபின் ஓட்டுப்பதிவு வரை ஏறத்தாழ மூன்று வாரங்களே இருந்தன. உதயசூரியனையும் இரட்டை இலையையும் ஐம்பது வருஷமாகப் பார்த்துப் பழகிய கண்களுக்குப் புதிய சின்னமொன்றை அதற்குள் பழக்க வேண்டியிருந்தது. பானையைத் தலையில் வைத்துக்கொண்டும் வண்டியில் கட்டிக்கொண்டும் தொண்டர்கள் ஊரூராகச் சென்றனர். வித்தியாசம் 3,219-ஆக இருக்கையில், அந்தப் பானைப் பிரசாரம் இல்லாதிருந்தால் முடிவு என்னவாகியிருக்குமென்று சொல்லவேண்டியதில்லை. சின்னத்தை அறிவிக்கும் இவ்விளம்பரத்தை நாம் குறை கூறமாட்டோம். ஜனநாயகத்துக்கு அது அவசியமானது.

நிற்க. மனத்தை மாற்றும் விளம்பரம் என்று யாவரும் எடுத்துக்காட்டுவது 1967-ம் வருஷத்தைத்தான். அவ்வருஷம் ஜனவரி 12-ந் தேதி திரு. எம். ஜி. ராமச்சந்திரனை நடிகர் எம். ஆர். ராதா துப்பாக்கியால் சுட்டார். கழுத்தில் கட்டுடன் ஆஸ்பத்திரியில் எம். ஜி. ஆர். உட்கார்ந்திருந்த படம் சுவரொட்டியாக நாடெங்கும் ஒட்டப்பட்டது. பரங்கிமலைத் தொகுதியில் அவர் பிரசாரத்துக்கே போகாமல் வென்றார். தி.மு.க. 1962-ல் 50 ஸ்தானங்கள் பெற்றிருந்தது. 1967-ல் 130-க்கு மேல் பெற்று ஆட்சிக்கு வந்தது. விருதுநகரில் காமராஜரே 1,285 ஓட்டில் தோற்றார். “அந்தப் படந்தான் காங்கிரஸை வீழ்த்தியது” என்று சொல்லும் முதியவர்கள் இன்றும் உண்டு.

இதை அப்படியே ஏற்க நமக்குச் சம்மதமில்லை. அப்படத்துக்கு முன்பே இரண்டு வருஷமாக நாடு கொதித்துக்கொண்டிருந்தது. 1965-ல் ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து மாணவர்கள் மாண்டிருந்தனர். அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, நெல் விளையும் தென்னாற்காட்டுக் குடும்பங்களே ரேஷன் கடையில் நின்றன. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற கோஷம் எடுபட்டது, கோஷத்தின் அழகினாலன்று. அடுப்பு எரியாத வீட்டுக்குள் அது புகுந்தது. ராஜாஜி முதல் கம்யூனிஸ்டுகள் வரை ஒரே அணியில் நின்றதால் எதிர்ப்பு ஓட்டுகள் சிதறவில்லை. காய்ந்த வைக்கோற்போரில் விழுந்த பொறி அந்தப் படம். ஈர வைக்கோலில் விழுந்திருந்தால் அணைந்திருக்கும்.

ஆயினும் விருதுநகரின் 1,285 என்ற எண் நம்மைச் சும்மா விடவில்லை. 643 பேர் மாற்றிப் போட்டிருந்தால் காமராஜர் வென்றிருப்பார். ஒரு தொகுதியில் 643 பேரை ஒரு படம் மாற்ற முடியாதென்று யார் சத்தியம் செய்வார்? பெரும் அலையை விளம்பரம் உண்டாக்குவதில்லை. அலை வந்தபின் கரையோரத்தில் நிற்கும் ஓரிரு படகுகள் கவிழ்வதா, மிதப்பதா என்பதில் அதற்குக் கை உண்டு. எவ்வளவு பெரிய மனிதர் உட்கார்ந்திருந்தாலும் படகு படகுதானே!

அலையில்லாத இடத்தில் விளம்பரம் மட்டும் வந்தால் நேர்வதற்கும் உதாரணங்கள் உண்டு. 2004-ல் மத்திய சர்க்கார், இந்தியா ஒளிர்கிறதென்று பத்திரிகைகளிலும் டெலிவிஷனிலும் பெருஞ்செலவில் பறையறைந்தது. தமிழ்நாட்டில் 39 பார்லிமெண்டு ஸ்தானங்களில் ஒன்றுகூட அவ்வணிக்குக் கிடைக்கவில்லை. மத்தியிலும் ஆட்சி போயிற்று. ஒளி தன் வீட்டுக்குள் வரவில்லையே என்று ஓட்டர் நினைத்துக்கொண்டதற்கு அவ்விளம்பரமே காரணமாயிற்றென்று நினைக்க இடமுண்டு.

நமது ஜில்லாவுக்கு நெருங்கியது 2016-ம் வருஷத்து உதாரணம். “மாற்றம், முன்னேற்றம், அன்புமணி” என்ற பா.ம.க.வின் விளம்பரம் அதற்குமுன் தமிழ்நாடு காணாத முறையில் நடந்தது. தேர்தலுக்கு ஒரு வருஷத்துக்கு முன்பே முதல் மந்திரி அபேட்சகரை அறிவித்து, அவர் படத்தை அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் பாணியில் சுவரெங்கும் நிறுத்தினார்கள். விளம்பர வித்தையில் தேர்ந்தவர்கள் செய்த வேலை என்பது பார்த்தவுடன் தெரிந்தது. கட்சியின் வேர் இந்த வட ஜில்லாக்களில்தான் இருக்கிறது. 1991-ல் அக்கட்சியின் சார்பில் யானைச் சின்னத்தில் நின்ற திரு. பண்ருட்டி ராமச்சந்திரனைச் சட்டசபைக்கு அனுப்பியது இதே பண்ருட்டிதான். இத்தனையும் இருந்து, 2016-ல் தனித்து நின்ற அக்கட்சிக்கு ராஜ்யம் முழுவதிலும் கிடைத்தது நூற்றுக்கு ஐந்து ஓட்டுக்குச் சற்று மேல். ஒரு ஸ்தானங்கூடக் கிடைக்கவில்லை. முதல் மந்திரி அபேட்சகரே பென்னாகரத்தில் தோற்றார்.

கோஷத்தை அறியாதார் இல்லை. அதைக் கேலி செய்தவர்களும் மனப்பாடமாகச் சொன்னார்கள். பிறகு ஏன் ஓட்டு விழவில்லை? ஊசலாடும் ஓட்டர் விளம்பரத்தைப் பார்த்தவுடன் முடிவு செய்வதில்லை. பார்த்ததைத் தேநீர்க் கடைக்குக் கொண்டுவருகிறார். “இவர்கள் வருவார்களா?” என்று அங்கே கேட்கிறார். கேட்கப்படுகிறவர் பெரும்பாலும் நாலு பத்திரிகை படித்தவர், அல்லது கூட்டுறவுச் சங்கத்தில் பழகியவர், அல்லது மண்டியில் கணக்கு எழுதுகிறவர். அவர் உதட்டைப் பிதுக்கி, “கூட்டணி இல்லாமல் எங்கே?” என்றால், அந்த ஒரு வார்த்தை ஒரு கோடி ரூபாய் விளம்பரத்தைத் தின்றுவிடுகிறது. நம் பக்கத்து ஓட்டருக்குத் தம் ஓட்டு வீணாகக் கூடாதென்ற கவலை மிகுதி. பலாப்பழம் வாங்குகிறவர் கடைப்பலகையைப் படித்துவிட்டு வாங்குவதில்லை. தட்டிப் பார்க்கிறார், தமக்குத் தட்டத் தெரியாவிட்டால் தெரிந்தவரைத் தட்டச் சொல்கிறார்.

இது நமது ஊகம் மட்டுமன்று. 1940-ல், ரூஸ்வெல்ட் மூன்றாம் முறை நின்ற தேர்தலில், அமெரிக்காவின் ஒஹையோ ராஜ்யத்து ஈரி ஜில்லாவில் லாஸர்ஸ்பெல்ட் என்ற பேராசிரியரும் அவர் சகாக்களும் 600 ஓட்டர்களை மாதந்தோறும் சந்தித்துக் கேட்டு வந்தனர். பத்திரிகையும் ரேடியோவும் மக்களை வேண்டியபடி ஆட்டிவைக்கும் என்று எண்ணிச் சென்றவர்கள் அவர்கள். கண்டதோ வேறு. பிரசாரத்தால் கட்சி மாறியவர்கள் மிகச் சிலர். பெரும்பாலோர் முன்பே கொண்ட எண்ணத்தில் இன்னும் உறுதிப்பட்டனர். கடைசி வரை முடிவு செய்யாதிருந்தவர்கள் பிரசாரத்தை மிகக் குறைவாகக் கவனித்தவர்கள். அவர்களுக்கு ரேடியோவைவிடப் பக்கத்து வீட்டுக்காரரின் வாய்ச்சொல்லே அதிகமாகப் போய்ச் சேர்ந்தது. ஈரி ஜில்லாவுக்கும் பண்ருட்டித் தாலுகாவுக்கும் கடல்கள் குறுக்கே கிடக்கின்றன. தேநீர்க் கடைக்குக் குறுக்கே ஒன்றுமில்லை!

பின்வந்த ஆராய்ச்சிகளில் இரண்டை மட்டும் சொல்வோம். டெக்ஸாஸ் ராஜ்யத்தில் 2006-ம் வருஷத்துக் கவர்னர் தேர்தலில், பதவியிலிருந்த கவர்னரின் சம்மதத்துடனேயே, சுமார் 20 லக்ஷம் டாலர் மதிப்புள்ள விளம்பரங்களை எந்தப் பிரதேசத்தில் எந்த வாரம் வெளியிடுவதென்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்துப் பரீட்சை செய்தார்கள். விளம்பரம் வந்த வாரத்தில் அபிப்பிராயம் நன்றாகவே அசைந்தது. ஒரு வாரம் போனபின் அந்த அசைவின் சுவடே இல்லை. மற்றொன்று, 2016 ஜனாதிபதித் தேர்தலின் 49 விளம்பரங்களை 34,000 பேருக்குக் காட்டி நடத்திய 59 பரீட்சைகள். முடிவு 2020-ல் வெளிவந்தது. ஓட்டில் உண்டான மாறுதல் சராசரியில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. வைதாலும் புகழ்ந்தாலும், பார்த்தவர் எந்தக் கட்சியாராயினும், இந்த அளவில் பெரிய வித்தியாசமில்லை.

நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அதுவும் ஒரு வாரத்தில் மறைந்துவிடும். இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கிறவர்களுக்கு, விளம்பரக்காரர்கள் ஏன் கடைசி வாரத்துக்குப் பணத்தைச் சேமித்து வைக்கிறார்கள் என்பது விளங்கும். கடைசி மூன்று நாளில் உண்டாகும் சலனம் மறைவதற்குள் ஓட்டர் சாவடிக்குள் போய்விடுகிறார். காட்டுமன்னார்கோயில் போன்ற தொகுதியில் நூற்றுக்கு ஒன்றில் பத்தில் ஒரு பங்கு போதும். விளம்பரம் ஊசலாடும் ஓட்டரின் மனத்தை மாற்றவல்லதா என்று கேட்டால் இல்லையென்போம். கடைசி நேரத்தில் அவரைச் சற்றே சாய்க்கவல்லதா என்றால் ஆமென்போம். ஆபத்து இருப்பது இந்த இரண்டாவதில். காசு கொடுத்து ஓட்டு வாங்கும் ஈனத் தொழிலும் அதே கடைசி இரவுகளில்தான் நடக்கிறது. அதன் பொருட்டு 2017-ல் ஆர்.கே. நகரிலும் 2019-ல் வேலூரிலும் தேர்தலையே ரத்துச் செய்ய நேர்ந்தது. அது தனிக் கட்டுரைக்குரியது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1951-ம் வருஷத்து ஜனப் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-வது பிரிவு, ஓட்டுப்பதிவு முடிவதற்கு முந்திய 48 மணி நேரத்தில் கூட்டங்களையும், சினிமா, டெலிவிஷன் மூலம் நடக்கும் பிரசாரத்தையும் தடுக்கிறது. 127-அ பிரிவு, சுவரொட்டியிலும் துண்டுப் பிரசுரத்திலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்களைப் போடச் சொல்கிறது. டெலிவிஷன் விளம்பரங்களுக்கு முன்கூட்டியே சான்று பெறவேண்டுமென்று 2004 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. பத்திரிகைகளையோ 126-வது பிரிவு தீண்டவில்லை. ஓட்டுப்பதிவு நாளிலும் அதற்கு முந்திய நாளிலும் வெளிவரும் பத்திரிகை விளம்பரத்துக்குச் சான்று வேண்டுமென்று தேர்தல் கமிஷன் விதித்திருக்கிறது. சான்று பெற்றால் வெளியிடலாம். ஒலிபெருக்கி ஓய்ந்து, டெலிவிஷன் மூடி, ஊர் மௌனமாயிருக்கும் அவ்விரண்டு நாளில் அச்சுக் காகிதமும் கைபேசியும் மட்டும் பேசலாமென்றால், சலனம் எளிதில் உண்டாகும் நேரத்தைக் காசுள்ளவருக்கு ஏகபோகமாகக் கொடுப்பதாகாதா?

செலவு விஷயம் இதைவிட விசித்திரம். சட்டசபை அபேட்சகர் செலவிடத்தக்கது, பெரிய ராஜ்யங்களில், 40 லக்ஷ ரூபாய் என்று 2022 ஜனவரியில் நிர்ணயித்தார்கள். அவரை நிறுத்தும் கட்சிக்கோ உச்சவரம்பே கிடையாது. 1974-ல் கன்வர்லால் குப்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, அபேட்சகருக்காகக் கட்சி செய்யும் செலவையும் அவர் கணக்கில் சேர்க்கவேண்டுமென்று நியாயமான தீர்ப்பொன்றைச் சொல்லிற்று. அத்தீர்ப்பின் மை உலருமுன் அதே வருஷத்தில் சட்டத்தைத் திருத்தி அதைச் செல்லாததாக்கினார்கள். 2003-ல் அத்திருத்தத்தைச் சற்றுச் சுருக்கினார்கள். ஆயினும், அபேட்சகர் பெயர் இல்லாமல் கட்சி பொதுவாகச் செய்யும் விளம்பரம் இன்றும் எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லையைத் திறந்துவைத்த கதை இது.

ஆளுங் கட்சிக்கு இன்னொரு வசதியும் உண்டு. தேர்தல் தேதி அறிவிக்கும் நாள் வரையில் சர்க்கார் பணத்திலேயே விளம்பரம் செய்யலாம். 2021 தொடக்கத்தில் “வெற்றி நடைபோடும் தமிழகம்” என்ற சர்க்கார் விளம்பரம் டெலிவிஷனில் எத்தனை முறை வந்ததென்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சர்க்கார் விளம்பரங்களில் ஜனாதிபதி, பிரதம மந்திரி, பிரதம நீதிபதி படங்களைத் தவிர மற்றவை கூடாதென்று 2015-ல் சொன்ன சுப்ரீம் கோர்ட்டு, 2016-ல் முதல் மந்திரிகளையும் மந்திரிகளையும் அப்பட்டியலில் சேர்த்துக்கொண்டது. முதல் தீர்ப்பே நமக்கு உவப்பானது. எதிர்த்தரப்பும் அன்று சும்மா இருக்கவில்லை. தி.மு.க., தேர்தல் வியூகம் வகுக்கும் ஐ-பேக் என்ற ஸ்தாபனத்தை அமர்த்தி, பாட்டும் படமுமாகக் கைபேசிகளை நிரப்பிற்று. பத்து வருஷ ஆட்சியின்மேல் சலிப்பு இருந்தது; தி.மு.க. அணி வென்றது. பாட்டினால் வென்றதா, சலிப்பினால் வென்றதா என்று பாட்டுக்காரரைக் கேட்டால் ஒரு பதிலும், ஓட்டரைக் கேட்டால் வேறு பதிலும் கிடைக்கும்.

அத்தேர்தலில், ஓட்டுப்பதிவுக்குச் சில நாட்கள் முன்னதாக, பல பெரிய தமிழ்ப் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் அ.தி.மு.க.வின் விளம்பரம் செய்தித் தலைப்புகளைப் போன்ற எழுத்துகளிலேயே வெளிவந்தது. தி.மு.க. தேர்தல் கமிஷனிடம் முறையிட்டது. கட்சிகள் மாறி மாறி இவ்வேலையைச் செய்யக்கூடியவைதாம். ஆகவே கட்சிகளைவிடப் பத்திரிகைக்காரர்களையே நாம் இங்கு கேட்கவேண்டியவர்களாயிருக்கிறோம். பத்திரிகை நடத்துகிறவர் என்ற முறையில் காகித விலையும் அச்சுக்கூலியும் நமக்குத் தெரியாதவையல்ல. தேர்தல் மாதத்து வருமானத்தால் வருஷ நஷ்டத்தை ஈடுசெய்யும் பத்திரிகைகள் உண்டென்பதும் தெரியும். விளம்பரத்தை வாங்கவேண்டாமென்று நாம் உபதேசிக்கவில்லை. விளம்பரம் விளம்பரமாக இருக்கட்டும். தேநீர்க் கடையில் பத்திரிகையைப் படித்துச் சொல்கிறவரின் வாய்ச்சொல்தான் ஊசலாடும் ஓட்டரைச் சாய்க்கிறதென்றால், அவர் படிக்கும் செய்திக்குள் செய்தியின் வேஷத்தில் விளம்பரத்தைப் புகுத்துகிறவர், கிணற்றுக்குள்ளேயே எதையோ கலக்கிறார். பக்கத்தின் தலையில் பெரிய எழுத்தில் “விளம்பரம்” என்று போட்டு, கொடுத்தவர் பெயரும், வாங்கிய தொகையும் அடியில் அச்சிடட்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. பத்திரிகை முதலாளிகள் ஓர் அறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் முடிவு செய்யலாம். கூகிள், பேஸ்புக் முதலிய அந்நியக் கம்பெனிகள், தங்களிடம் வரும் அரசியல் விளம்பரத்தை யார் கொடுத்தார், ஏறத்தாழ எவ்வளவு கொடுத்தார் என்பதை 2019 முதல் இந்தியாவில் யாவரும் பார்க்கும்படி வெளியிட்டு வருகின்றன. சுதேசிப் பத்திரிகைகளுக்கு அந்த அளவு கூடக் கூசுமாயின் வியப்புத்தான்.

சட்டம் செய்யவேண்டியது கட்சியின் செலவுக்கு வரம்பு கட்டுவது. பிரிட்டனில் கட்சிகளுக்கே தேசிய வரம்பு 2000-ம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்டிருக்கிறது. அங்கே டெலிவிஷனிலும் ரேடியோவிலும் காசு கொடுத்து அரசியல் விளம்பரம் செய்ய இடமே இல்லை. அதனால் அந்நாட்டில் ஜனநாயகம் மூச்சுத் திணறவில்லை. இங்கும் 126-வது பிரிவில் “அச்சு” என்ற சொல்லைச் சேர்த்து, கைபேசி விளம்பரத்தையும் அதற்குள் கொண்டுவரலாம். சட்டம் செய்கிறவர்களே விளம்பரம் செய்கிறவர்களாகவும் இருப்பதால் இது விரைவில் நடக்குமென்று நாம் நம்பிக்கை ஊட்டமாட்டோம்.

அதுவரை தொண்டர்கள் கையில் ஒரு சிறு கருவி இருக்கிறது. தேர்தல் முடிவு வெளியான 30 நாட்களுக்குள் ஒவ்வொரு அபேட்சகரும் செலவுக் கணக்கை ஜில்லாத் தேர்தல் அதிகாரியிடம் தாக்கல் செய்யவேண்டும். 1961-ம் வருஷத்துத் தேர்தல் நடத்தை விதிகளில் 88-வது விதிப்படி, ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தி எவரும் அக்கணக்கைப் பார்வையிடலாம். கட்சிகள் தனியே தேர்தல் கமிஷனுக்கு, சட்டசபைத் தேர்தலாயின் 75 நாட்களுக்குள், தங்கள் கணக்கைக் கொடுக்கவேண்டும். பண்ருட்டித் தொண்டர் எவரேனும் கடலூருக்குப் பஸ் ஏறிச் சென்று, அந்த ஒரு ரூபாயைக் கட்டி, தம் தொகுதி அபேட்சகரின் ஏட்டைப் புரட்டிப் பார்க்கட்டும். ஒலிபெருக்கி வாடகை, நாற்காலி வாடகை, தேநீர், வண்டிக்கு டீசல் எல்லாம் அதில் இருக்கும். ஓட்டுப்பதிவுக்கு முந்திய வாரத்தில் தம் வீட்டு வாசலில் வந்து விழுந்த முதற்பக்க விளம்பரத்தின் விலை எந்த வரியில் எழுதியிருக்கிறதென்று அவர் தேடிப் பார்த்து நமக்கு எழுதினால், அவர் கடிதத்தை இதே பக்கத்தில் வெளியிடுவோம்.